தூரமா?

பெண்ணாடத்தில் கிளம்புகிறவனை "எங்க போற?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் தடைப்படும் என்பார்கள். பையோடு ரயிலடிப் பக்கம் நடந்தால் திண்ணையிலிருந்து "தூரமா?" என்று மட்டும் குரல் வரும். நான் மெக்சிகோவின் குவாதலஹாராவுக்குக் கிளம்பிய அன்றும் எதிர்வீட்டுப் பெரியம்மா அதையேதான் கேட்டார். "ஆமா பெரியம்மா, கொஞ்சம் தூரந்தான்" என்றேன்.

இங்கே ஸ்பானிஷ் படிக்க எனக்கு இங்கிலீஷைவிடத் தமிழ்தான் கைகொடுத்தது. 'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்கும்'. 'மே துவேலே லா கபேசா' என்றால் 'எனக்குத் தலை வலிக்குது'. அதே நான்காம் வேற்றுமை. முதல் நாள் ஆசிரியை எதிரே இருந்த மேசையைத் தட்டி 'மேசா' என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. போர்த்துகீசியரிடமிருந்து நாம் வாங்கிக்கொண்ட மேசை! எங்கள் ஊர்ப்பக்கம் ஓடுகிற வெள்ளாறு பரங்கிப்பேட்டையில்தான் கடலைச் சேர்கிறது. அந்தத் துறைக்கு அவர்கள் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத்துறை.

'அஓரித்தா' என்ற சொல்லுக்கு அகராதி 'இப்பவே' என்கிறது. மெக்சிகோக்காரர் வாயில் அது அரை மணியும் ஆகலாம், நாளைக்கும் ஆகலாம். கூடப் படித்த ஜெர்மன்காரர் தவித்துப்போனார். "இதோ வந்துட்டேன்" கேட்டு வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரம்மா தன் ஐந்து வயதுப் பேரனை 'பாப்பி' என்று கூப்பிடுவார். அப்பா என்று அர்த்தம். பிள்ளையையே அப்பாவாக்கி "வாப்பா, சாப்டுப்பா" என்பது நம் பக்கத்து வழக்கம் மட்டுமே என்று நினைத்திருந்தேன். மாடிப்படியில் அவர் சோளரொட்டித் தட்டோடு அந்தப் பையனைக் கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்று இரவு தூக்கமே வரவில்லை.

'மே ஆசெஸ் ஃபால்தா.' நீ இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் தன் தாயிடம் போனில் இதைத் தயங்காமல் சொல்கிறார். நானும் ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொல்ல நினைத்துத்தான் அம்மாவைக் கூப்பிடுகிறேன். வாயில் வருவது வேறு.

"வெள்ளாத்துல தண்ணி போவுதாம்மா?"

"மணலுதான் கெடக்கு. நீ சாப்ட்டியாப்பா?"