சொல்லும் பொருளும்

சொல் பொருளைக் குறித்து நிற்பது என்பது தொல்காப்பியம் பயில்வோர் அறிந்த செய்தி. பொருள் இருந்தும் சொல்லை ஏற்க அஞ்சும் விந்தையை நாம் நம் வகுப்பறையிலேயே கண்டு வருகிறோம்.

இக்கால இலக்கியத் தாளில் பெண்ணியம் பாடமாக வரும்போதெல்லாம், "உங்களுள் பெண்ணியவாதிகள் எத்துணைப் பேர்?" என வினவுவது நம் வழக்கம். ஒரு கையும் உயர்வதில்லை. சற்று நேரம் கழித்து, "நான் பெண்ணியவாதி இல்லை அம்மா, ஆனால்..." என ஒரு குரல் எழும். அதற்குப் பின் வருபவையோ மேற்படிப்பு வேண்டும், சம ஊதியம் வேண்டும், தம்மைக் கேட்டே மணம் பேச வேண்டும் என்பன. ஒரு மாணவி, "மஹர் தந்து மணப்பவர் போதும், கைக்கூலி கேட்பவர் வேண்டா" என்றாள். மஹர் மணமகளின் உரிமை என்பது திருமறை வகுத்த நெறி. கைக்கூலியோ பின்வந்த வழக்கம். ஆயினும் மறுகணமே அவள், "இதனைப் பெண்ணியம் என்று சொல்லிவிடாதீர்கள் அம்மா, பெண் கேட்டு வருவோர் அஞ்சுவர்" என வேண்டிக்கொண்டாள்.

அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். ஆடவரைப் பகைப்பதும் இல்லறத்தை வெறுப்பதுமே பெண்ணியம் எனப் பல திரைப்படங்கள் கற்பித்துள்ளன. ஒரு சொல்லால் திருமணம் தடைபடுமாயின், அதன் விலையைத் தருபவள் அவளே, நாம் அல்லோம்.

பெண்ணியம் என்னும் சொல் தமிழில் வழங்கத் தொடங்குமுன்னரே அதன் பொருளை வாழ்ந்து காட்டியோர் உளர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா? கடமையா?’ என்னும் புதினத்தை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையரின் முன்னுரையும் பெற்றார். வங்கத்தில் ரொக்கையா சகாவத் ஹுசைன் 1911-இல் எட்டு மாணவியரோடு கல்கத்தாவில் பள்ளி தொடங்கினார். அவர்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனர் என இன்று எவரும் கேட்பதில்லை.

அங்ஙனமாயின் பெயர் எதற்கு? பெயரில்லாத துன்பம் அவரவர் வீட்டுச் செய்தியாகவே ஒடுங்கிவிடுகிறது. தன் தலைவிதி என்றே ஒவ்வொருத்தியும் எண்ணுகிறாள். பொதுப்பெயர் ஒன்று அமையும்போதுதான், அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவளுக்கும் அதுவே துன்பம் என்பது விளங்குகிறது.

எனினும் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளுமாறு நாம் எவரையும் வற்புறுத்தோம். ‘ஆனால்’ என்னும் அவ்விடைச்சொல்லுக்குப் பின் வகுப்பறையில் கூறுவதை, நிக்காஹ் பேச்சு நடக்கும் கூடத்திலும் தயங்காது கூறுங்கள் என்று மட்டுமே வேண்டுவோம். பொருள் நிலைபெறின் சொல் தானே வந்து சேரும்.