சாம்பல் வாளி

பங்களாவுக்குள் கால்வைக்க லயத்துப் பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டும். எனக்குக் கிடைத்த காரணம் சாம்பல்.

இலங்கையில் அப்புத்தளை மலைப்பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். தாத்தாவுக்குப் பங்களாவில் பூந்தோட்ட வேலை. தேயிலைக்கு ஏற்ற மண் புளிப்பு மண். அதில் ஹைட்ரேஞ்சியா வைத்தால் நீலமாகத்தான் பூக்கும். பங்களாவைச் சுற்றி அத்தனையும் நீலம். துரைசாணிக்கு மட்டும் வாசலோரத்துச் செடி ரோஸ் நிறத்தில் பூக்கவேண்டும். விறகுச் சாம்பல் போட்டுவந்தால் மண்ணின் புளிப்பு குறைந்து பூவின் நிறம் மாறும் என்று தாத்தாவுக்கு எந்தக் காலத்துத் துரை சொல்லிக்கொடுத்தாரோ தெரியாது. பெரிய ஹாலில் கணப்பு எரிந்து அணைந்த சாம்பலை வாளியில் அள்ளிவருவார். அதற்காக மட்டும்தான் அவரும் உள்ளே போவார்.

நான் அவரோடு உள்ளே போன அன்று காலையில்தான் துரையும் துரைசாணியும் கொழும்புக்குப் புறப்பட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் போய்விட்ட காலம் அது. எங்கள் துரை கொழும்புக்காரர்தான். ஆனாலும் அரைக்கால்சட்டை, நீளக் காலுறை, இங்கிலீஷ் எல்லாம் அப்படியே இருந்தன. சமையல் பார்த்த அப்பு, குசினிக் கதவைத் திறந்துவிட்டார்.

“காலத் தொடச்சிட்டு வா புள்ள. எதயும் தொட்டுப்புடாத.”

சிவப்புத் தரையில் மெழுகு வாசனை. சுவரில் ஒரு மரைத்தலை, கண்ணாடிக் கண்ணோடு. ஒரு காம்பராவிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. “ரெண்டு பேருக்கு எதுக்குத் தாத்தா இத்தன காம்பரா?” என்று கேட்டேன். “மெதுவாப் பேசு” என்றார். வீட்டில்தான் யாருமே இல்லையே, அப்புறம் எதற்கு மெதுவாக? அது எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்களுக்கு லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று. அதில் அடுப்பும் நாங்கள் ஏழு பேரும்.

குளியலறையில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற தொட்டி. பின்பக்கத்துப் பாய்லரில் காலையில் போட்ட விறகின் சூடு இன்னும் இருந்தது. அப்பு குழாயைத் திருகினார். சுடுதண்ணி! பனிக்காலத்தில் பீலிக்கரையில் பல் கிட்டக் குளிக்கிற கை அது. தண்ணீருக்குள் நீட்டியவள் அப்பு குழாயை மூடும்வரை எடுக்கவே இல்லை. அந்தச் சூடு இப்போதும் கையில் இருப்பதாகச் சொன்னால் மிகை. ஆனால் அந்தப் பித்தளைக் குழாயை இன்றும் என்னால் வரைந்து காட்டமுடியும்.

முன்வாசலுக்கு வந்தோம். அங்கே நின்றால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் தெரிந்தது, ஸ்டோர் தெரிந்தது, கொழுந்து மலை முழுக்கத் தெரிந்தது. பங்களாவை அந்த முகட்டில் ஏன் கட்டினார்கள் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. கீழே லயங்கள் வெறும் தகரக் கூரைகளாகக் கிடந்தன. எங்கள் வீடு எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“அந்தா பொக வருதே, அதுதான். ஒன் அப்பாயி அடுப்புப் பத்தவச்சிருக்கா.”

வாளியை நான்தான் தூக்கிவந்தேன். பாவாடை முழுக்கச் சாம்பல்.

எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினர் ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரைக் கணக்கில் வைத்து, அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று 1964-இல் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். தாத்தா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு. “நான் வச்ச செடிய யாரு பாக்குறது?” என்பது அவர் சொன்ன காரணம். அவர் மண்ணைப் பிடித்துக்கொண்டதாக ஊரில் பேசினார்கள். அந்த மண்ணில் அவருக்கு ஒரு சாண்கூட இல்லை. நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு நீலகிரியில் 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. இலங்கையில் எங்களைக் கூலி என்றார்கள், இங்கே சிலோன்காரர்கள்.

அப்புத்தளைப் பக்கம் வில்லியர்ஸ் துரை 1931-இல் கட்டிய அடிஷாம் பங்களா இப்போது பெனடிக்டைன் துறவிகளின் மடம். வேறு சில துரை பங்களாக்கள் விடுதிகளாகிவிட்டன. தங்கச்சி மகன் போனில் படங்களைக் காட்டுவான். கணப்பும் குளியல் தொட்டியும் அப்படியே இருக்கின்றன. ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். “பெரியம்மா, போய் ஒரு நாள் தங்கிட்டு வரலாமா?” என்கிறான். லயத்துக் காம்பராக்களை அப்படிப் பாதுகாக்க யாரும் முன்வரவில்லை. அவற்றில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், பாதுகாப்பதற்கு என்ன இருக்கிறது?

என் ஏக்கத்தின் மேலேயே எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். தாத்தாவை நினைத்தால் அவர் அந்தச் சிவப்புத் தரையில் குனிந்து சாம்பல் அள்ளுகிறார். எங்கள் வாசல் இஸ்தோப்பில் அவர் உட்கார்ந்திருந்த கோலம் வரமாட்டேன் என்கிறது. ஒரே ஒரு பகலில் பார்த்த துரை வீடு, நான் பிறந்து வளர்ந்த வீட்டை மூடிவிட்டது. எல்லாம் அத்தனை பளபளப்பாக இருந்ததாலா, எதையும் தொடக்கூடாது என்று சொன்னதாலா?

அக்காவிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். பிறகு லயத்தின் முதல் காம்பராவில் தொடங்கி, யார் வீட்டு இஸ்தோப்பில் கோழிக்கூடு, யார் வீட்டில் தப்பு தொங்கும், எந்தக் கதவு மழையில் உப்பிச் சாத்தவராது, எங்கள் காம்பராவில் எந்த மூலையில் தாத்தா பாயை விரிப்பார் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே போவாள். அவள் பங்களாவுக்குள் போனதே இல்லை.