‘இல்லை’ என்ற சொல்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியில், மஹய்யாவையிலே உள்ள சிறு அலுவலகமொன்றின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். விழா மலருக்கு என் வெற்றியொன்றை எழுதவே முதலில் எண்ணினேன். ஆயினும் இளைய மாணவருக்குப் பயன்படத்தக்கது என் தவறொன்றே எனத் தோன்றிற்று.

அது ஒரு மாத இறுதி. ஊழியரின் சம்பளக் கணக்கைச் செய்யும் சேவையகச் செய்நிரல் காலையில் இயங்க மறுத்தது. லினக்ஸின் பதிவேட்டிலே தொடக்கக் கோப்பின் பெயரும், ‘அத்தகைய கோப்போ அடைவோ இல்லை’ எனப் பொருள்படும் ஆங்கில வாசகமும், 203 என்ற எண்ணும் காணப்பட்டன. முதல்நாள் மாலை அக்கணினியிலிருந்து பழைய கோப்புகளை அகற்றியவன் என் உதவியாளனாகிய இளைஞன். “நீதான் அழித்துவிட்டாய்” என்று எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்தேன். “சேர், கோப்பு இருக்கிறது, ஒருமுறை பாருங்கள்” என்றான் அவன். நான் செவிசாய்த்தேனல்லேன்.

நண்பகலிலேதான் பார்த்தேன். கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது!

அவ்வாறாயின் இல்லாதது எது? அக்கோப்பின் முதல் வரி, தன்னை வாசித்து இயக்கவேண்டிய பைத்தன் செய்நிரல் இருக்கும் இடத்தைக் குறிப்பது. வரி முடிந்ததென்பதற்கு லினக்ஸ் ஆஸ்கி அட்டவணையின் 10 ஆம் குறியொன்றையே இடும். விண்டோஸோ 13, 10 என இரண்டை இடும். தொலையச்சுப் பொறிகளிலே எழுதும் முனையை வரித் தொடக்கத்திற்குக் கொணர ஒரு குறியும், தாளை ஒரு வரி நகர்த்த மற்றொரு குறியும் வேண்டியிருந்தன. அவற்றின் எச்சமே இவ்விரட்டை. முதல்நாள் இரவு வீட்டிலே, விண்டோஸ் கணினியில், அக்கோப்பைத் திருத்தி அனுப்பியவன் நானே. கண்ணுக்குப் புலப்படாத 13 ஆம் குறி பைத்தனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்பெயரில் ஒரு செய்நிரலைத் தேடிய லினக்ஸ், ‘இல்லை’ என்றது. இல்லாதது எதுவெனக் கூறாது, தொடக்கக் கோப்பின் பெயரையே அருகில் எழுதிவைத்தது. மேலதிகக் குறிகளை நீக்கியதும் செய்நிரல் இயங்கிற்று; சம்பளமும் உரிய நாளிலே கிடைத்தது.

சைவ சித்தாந்தம் கொள்ளும் அளவைகள் காட்சி, கருதல், உரை என மூன்று எனக் கல்லூரியிலே கற்றோம். பரீட்சைக்காக நான் மனனஞ் செய்த பாடம் அது. இயந்திரத்தின் உரையைக் கேட்டேன். ‘இவனே அழித்தான்’ எனக் கருதினேன். காட்சியை மட்டும் நாடவில்லை. கண்ணாற் கண்டு சொன்னவன் அவ்விளைஞனே. இயந்திரம் பொய் உரைக்கவில்லை, குறைவாக உரைத்தது. அக்குறையை என் ஐயத்தால் நானே நிரப்பிக்கொண்டேன்.

காலையில் எவர் முன்னிலையில் அவனைக் கடிந்தேனோ, அவர்கள் முன்னிலையிலேயே மாலையில் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சேர்” என்றான். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

இத்துறையிற் புகவிருக்கும் தம்பி தங்கையரே, ‘இல்லை’ என்று இயந்திரம் கூறுமாயின், எது இல்லை எனக் கேளுங்கள். எவர்மீதும் பழி சுமத்துமுன், சென்று பாருங்கள்.