பினாங்கு ஈந்த நடிகர்

மலாய்த் திரையுலகின் ஈடிணையற்ற நடிகர் எனப் போற்றப்பெறும் பி. ரம்லி, பினாங்கில் 1929ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சக்காரியா. தந்தையார் பூத்தே, சுமத்திராவின் அச்சே நாட்டிலிருந்து வந்தவர். அவர் பெயரின் முதலெழுத்தே மைந்தரின் பெயருக்கு முன் ‘பி’ என நின்றது. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக இடும் தமிழர் வழக்கத்தை இஃது ஒத்திருத்தல் காண்க.

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடக் கேட்டு, அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தவர் இந்தியரான இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் உருவான ‘சிந்தா’ படத்தில் ரம்லிக்குக் கிடைத்ததோ வில்லன் வேடம். ஆயினும் அப்படத்தின் நாயகனுக்குப் பின்னணிக் குரல் தந்தவரும் அவரே! திரையில் பகைவர், பாட்டில் ஒருவர். 1950இல் வெளிவந்த ‘பக்தி’யில் அவரை முதன்முதலாகக் கதைநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எல். கிருஷ்ணன். மலாய்த் திரையின் பெருநாயகனை உருவாக்கியதில் ஒரு தமிழரின் கைவண்ணமும் உண்டென்பதை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்?

வங்காளியரான பானி மஜும்தார் இயக்கிய ‘அனாக்கு சசாலி’ (1956) ஆசிரியர்கள் அவசியம் காணத்தக்க படம். மிகையான செல்லத்தால் மகனைக் கெடுத்த தந்தை, இறுதியில் அம்மகனைத் தாமே காவலரிடம் ஒப்புவிக்கின்றார். தந்தை, வளர்ந்த மகன் ஆகிய இரு வேடங்களையும் ஏற்றபோது ரம்லிக்கு அகவை 27தான். அன்பினால் தளர்ந்த முதுமையை அவ்விளைஞர் எங்ஙனம் கற்றாரோ! 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவரை வந்தடைந்தது.

இதற்கு முன்னரே, 1955இல், ‘பெனாரிக் பெச்சா’ வாயிலாக இயக்குநராகவும் ஆகியிருந்தார். அவர் இயக்கிய படங்கள் 34.

1964இல் கோலாலம்பூரின் மெர்டேக்கா நிலையத்திற்குப் பெயர்ந்த பின்னர் வளம் குன்றிற்று. சிங்கப்பூரில் இருந்த வசதிகள் அங்கில்லை. இரசிகர்களோ வண்ணப்படங்களை நாடிச் சென்றனர். முன்பு கொண்டாடிய மக்களே அவர்தம் புதிய படங்களைப் புறக்கணித்தனர். திறமை வற்றியதென்று கூறுவோர் உளர். சூழல் கைவிட்டதென்பதே பொருந்தும். 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், தம் 44ஆம் அகவையில், மாரடைப்பால் மறைந்தார்.

‘தான் ஸ்ரீ’ விருது 1990இல் வந்தது. கோலாலம்பூரின் பாரித் தெரு அவர் பெயரைத் தாங்கிற்று. பினாங்கில் அவர் பிறந்த மரவீடு புதுப்பிக்கப்பெற்று, காண வருவோருக்குத் திறந்துள்ளது.