ஒற்றிக்கொள்ளாத கற்பூரம்

2007-ஆம் ஆண்டின் ஒரு பிரதோஷ மாலை. மயிலைக் கபாலீசுவரரைத் தரிசித்து வெளியே வந்தபோது என் மனைவி கேட்டாள்: "கற்பூரத்தை ஒற்றிக்கொள்ளாமலேயே வந்துவிட்டீர்களே?" ஆரத்தித் தட்டு என் முன்னே வந்ததையே நான் அறியவில்லை. கண்கள் சந்நிதியில் இருந்தன. மனமோ வங்கிக் கணக்கில் உழன்றுகொண்டிருந்தது.

அப்போது நான் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. பேரேட்டுக் கணக்குகள் கணினிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். 34 ஆண்டுகள் குறையேதுமின்றிப் பணியாற்றிய நான், ஒரே கூட்டலை ஐந்து முறை சரிபார்க்கத் தொடங்கியிருந்தேன். இரவில் உறக்கமில்லை, மார்பு படபடக்கும். இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்த குடும்ப மருத்துவர், மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்.

செல்லவே நாணினேன். நாள்தோறும் சகஸ்ரநாமம் சொல்பவனுக்கு இப்படியும் ஒரு நோயா? என் பக்தி பொய்த்துவிட்டதா? அந்த அம்மையாரிடமே இதைக் கேட்டுவிட்டேன். "சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர் பிரார்த்தனையை விட்டுவிடுகிறாரா, ஐயா?" என்றார் அவர்.

அவர் கற்பித்த முறைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர், சுருக்கமாக சி.பி.டி. 1960-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் வகுத்தது. நிகழ்ச்சி ஒன்று, அதைப் பற்றி மனம் சொல்லும் கதை வேறொன்று. நம்மைப் பெரிதும் வாட்டுவது அந்தக் கதையே என்பது இதன் அடிப்படை.

ஒரு குறிப்பேட்டில் நிகழ்ந்தது, மனம் சொன்னது, அதற்குச் சான்று என்று மூன்று பத்திகள் இட்டு எழுதச் சொன்னார். ஒருநாள் மாலை மேலாளர், "நாளைக் காலையில் என்னை வந்து பாருங்கள்" என்றார். நிகழ்ந்தது அவ்வளவே. மனம் சொன்னதோ: "பிழை அகப்பட்டுவிட்டது, வேலை போகும், ஓய்வூதியம் போகும், மகளின் திருமணம் நின்றுவிடும்." சான்று என்ற பத்தியில் எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. நெடுநேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். அன்றிரவு சற்றே உறங்கினேன்.

மறுநாள் பார்த்தால், உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது. ஒரு தொகையை வேறொருவர் கணக்கில் பதிந்திருந்தேன். எதிர்ப்பதிவு போட்டுத் திருத்தப் பத்து நிமிடம் ஆயிற்று. பிழையே நேராது என்று அந்தச் சிகிச்சை எனக்கு உறுதி தரவில்லை. பிழையின் உண்மையான அளவைக் காட்டியது.

மற்றொரு பயிற்சி இதைவிடக் கடினம். கணக்கை ஒருமுறை மட்டும் சரிபார்த்து, கையெழுத்திட்டு, வீடு திரும்ப வேண்டும். முதல் சில நாட்கள் கை நடுங்கியது. சில வாரங்களில் அச்சம் தானே தணிந்தது. மனம் காற்றைப் போல் அடங்காதது என்று முறையிட்ட அர்ச்சுனனுக்குக் கண்ணபிரான் கூறிய வழிகளில் முதலாவது அப்பியாசம். கீதையின் ஆறாம் அத்தியாயத்தைப் பலமுறை பாராயணம் செய்தவன்தான் நான். அச்சொல்லின் பொருள் என் கைக்கு வந்தது அந்தக் குறிப்பேட்டில்தான்.

இன்று என் மகள் ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறாள். சென்ற மாதம் ஓர் இரவு தொலைபேசியில் அழுதாள். "கடவுள் பார்த்துக்கொள்வார் அம்மா" என்ற சொல் நாவரை வந்தது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் முதலில், "என்ன நடந்தது? உன் மனம் என்ன சொல்கிறது?" என்று கேட்டேன். அவள் ஒரு மணி நேரம் பேசினாள். உறக்கமும் உணவும் குறைந்திருப்பதை அறிந்து, தயங்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். நான் அன்று நாணியதையும் மறைக்காமல் சொன்னேன்.

நம் பிள்ளைகள் அலுவலகச் சுமையோடு வீடு திரும்பும்போது, ஆறுதல் கூறுவதற்குமுன் இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

பிரதோஷம்தோறும் இன்றும் கோயிலுக்குச் செல்கிறேன். மனம் இன்னும் அலைகிறது. ஆனால் ஆரத்தித் தட்டு வரும்போது, அது வருவது எனக்குத் தெரிகிறது.