உருட்டுகோல்

திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி, டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த கோல்ப் திடலில், என் அண்ணன் பிறர் பைகளைச் சுமப்பவர். ஓய்வுவேளையில் பழைய கோலொன்றால் தாமும் பழகுபவர். போட்டிகளில் ஆட வேண்டுமென்ற எண்ணம் எழுந்ததும், எல்.ஏ.பி. நிறுவனத்தின் புதிய பட்டர்மீது ஆசைகொண்டார். (உண்பதன்று, பந்தைக் குழிக்குள் உருட்டும் கோல்.) 2025இல் அமெரிக்க ஓப்பன் இறுதிக் குழியில் ஜே. ஜே. ஸ்போன் 64 அடித் தொலைவிலிருந்து பந்தை வீழ்த்தி வென்றது அத்தகைய கோலினாலேயே.

விலையோ 400 டொலருக்கு மேல். கூரைத் தகரம் மாற்றவெனச் சேர்த்த சந்தோஷப் பணம் முழுவதும் அதற்கே போய்விடும்.

சாதாரணக் கோலின் முகம் வீச்சின்போது முறுகித் திரும்ப முயலும். இதுவோ திரும்பாதவாறு எடை சமன்செய்யப்பட்டது. பயன் மெய்யே. குழிக்கு இரண்டெனக் கொண்டாலும், பதினெட்டுக் குழிகளில் 36 தட்டுகள் உருட்டுகோலுக்கே உரியனவன்றோ!

ஆயினும் ஒரு மாலை, அண்ணன் தவறவிட்டவற்றை எண்ணினேன். பக்கம் விலகியவை 3; குழியை எட்டாது நின்றவை 11. முகம் திரும்பாத கோல் வேகத்தைக் கற்பிக்குமா? ஸ்போனின் 64 அடியிலும் திசையினும் அரியது வேகமே.

"படித்தவன் தம்பி, கணக்குக் காட்டுகிறாய்" என்றார்.

மறுவாரம் தகரம் வாங்கினோம். அன்று மாலை அவர் பழைய கோலுடன் தனியே உருட்டப் போனார். எண்ணுவதற்கு என்னை அழைக்கவில்லை.