விருந்தாளி யார் வீட்டில் தங்குவார்?

சேலம், ஜூலை 14

வெளிநாட்டு இளைஞர்களும் நம் இளைஞர்களும் சில வாரம் சேர்ந்து வாழ்ந்தால் மனம் விசாலமாகும் என்கிறார்கள். எந்த இளைஞர், யாரோடு என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. 2022 நவம்பரில் தமிழக அரசு, போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அழைத்துப் போனது. நான் முதல்வன் திட்டத்தின் கீழ்ப் பொறியியல் மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் வரை போய்ப் பயிற்சி பெற்றார்கள். விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியம். குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இவை பரிசுகள். போனவர் திரும்பி வருகிறார், கதை முடிந்தது. அங்கிருந்து ஒருவர் வந்து ராசிபுரத்திலோ ஓமலூரிலோ ஒரு வீட்டில் தங்கி, அந்த வீட்டுக் களியைச் சாப்பிடுவது இதில் இல்லை. போகிறவர்கள் தங்களுக்குள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதும் யார் கணக்கிலும் வருவதில்லை. என்னைக் கேட்டால், சேலம், நாமக்கல் வட்டாரத்துக்குப் பரிமாற்றத்தால் கிடைக்கக்கூடிய பெரிய ஆதாயம் அந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது. அடுத்தடுத்த தெருவில் பிறந்து, ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமல் வளர்ந்த இருவரை ஒரே அறையில் சேர்த்து வைக்க அது ஒரு சாக்கு. வெளிநாட்டைப் பற்றிய அறிவு கூடவே வரட்டும்.

ஜூலை 17

இந்த இளைஞர் பரிமாற்ற முயற்சிகளின் பிறப்பே பகையில்தான். சுவிட்சர்லாந்துக்காரரான பியர் செரெசோல் 1920இல், வெர்தன் போர்க்களத்தை ஒட்டி இடிந்து கிடந்த எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் ஒரு பணி முகாம் தொடங்கினார். வந்து உழைத்தவர்களில் ஜெர்மானியரும் உண்டு. பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கிடையே சிக்கல் எழவில்லை. ஜெர்மானியர் அங்கே இருப்பதை வட்டாரத்தார் பொறுக்கவில்லை, சில மாதங்களில் முகாம் கலைந்தது. அதே செரெசோல் 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு பீகாருக்கு வந்து, வீடிழந்தவர்களுக்காக உழைத்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எஸ்னில் முடியாதது 1963இல் முடிந்தது. அவ்வாண்டு எலிசே ஒப்பந்தத்தின் வழியே பிரான்சும் ஜெர்மனியும் சமமாகப் பணம் போட்டு ஓர் இளைஞர் அலுவலகம் அமைத்தன. அதன் வழியே இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள். முதல் முயற்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதியது இங்கே பொருந்துகிறது. வெறுமே சந்தித்தால் வெறுப்பு குறையாது. சந்திப்பவர்கள் சம நிலையில் இருக்க வேண்டும், குறிக்கோள் பொதுவாக இருக்க வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், அதிகாரத்தில் உள்ளவர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும். எஸ்னில் நான்காவது இல்லை. நம்மூரில் பெரும்பாலும் முதலாவதே இல்லை.

ஜூலை 19

வாரணாசிப் பக்கத்துக் கிராமங்களில் பொருளாதார அறிஞர் மேட் லோ நடத்திய ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்கள் அதில் பங்கேற்றார்கள். சிலரை வைத்துக் கிரிக்கெட் தொடர் நடத்தினார்கள். சில அணிகளில் ஒரே சாதியார், சிலவற்றில் கலப்பு. ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு கூடியது. எதிரணியில் மட்டும் பார்த்துக்கொண்டவர்களிடம் அது கூடவில்லை, குறையும் போக்கே தெரிந்தது. இதை நாமக்கல் மாவட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகவே பெயர் பெற்ற உறைவிடப் பள்ளிகள் நிறைந்த மாவட்டம் இது. ஒரே வகுப்பில், ஒரே விடுதியில் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் தரவரிசைப் பட்டியலில் ஒருவர் ஏற இன்னொருவர் இறங்க வேண்டும். அருகருகே உட்கார வைத்தாலே போதும் என்று நம்பியவர்களுக்குத் திருச்செங்கோடு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2015 ஜூனில், தன்னோடு கல்லூரியில் படித்த வேறு சாதிப் பெண்ணுடன் மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்த தலித் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. குற்றவாளிகளுக்கு 2022 மார்ச்சில்தான் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த இருவரைக் கல்லூரி சேர்த்தது. வெளியே நின்று கண்காணித்தவர்களிடமிருந்து காக்க அதற்குச் சக்தியில்லை.

ஜூலை 22

அப்படியானால் வெளிநாடு எதற்கு, இங்கேயே கலந்து வாழச் செய்தால் போதாதா என்பது வலுவான மறுப்பு. பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். டெல்லியின் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கியதன் விளைவைக் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார். அவர்களோடு படித்த வசதியான பிள்ளைகளிடம் தாராள மனம் கூடியிருந்தது, பாகுபாடு குறைந்திருந்தது. விமானச் சீட்டு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் சிறு பிள்ளைகள். பதினெட்டு, இருபது வயதில் ஊரின் கண் சும்மா விடாது. மாமன் பார்ப்பார், சாதிச் சங்கத்து வாட்ஸ்அப் குழு பார்க்கும். வேற்று நாட்டு ஊரில் அந்தக் கண்கள் இல்லை. டிராம் சீட்டு இயந்திரத்தின் முன்னே தோட்டத்துச் சொந்தக்காரர் மகனும் கூலிக்காரர் மகனும் ஒரே அளவு விழிக்கிறார்கள். அங்கிருப்பவர்களுக்கு இருவரும் இந்தியர், அவ்வளவுதான். இங்கே எந்தச் சட்டமும் உடனே தர முடியாத சம நிலை, அங்கே யாரும் மெனக்கெடாமலே அமைகிறது.

வெளியூர் போனாலே சாதி கழன்றுவிடுமென்றால் நம் ரிக் வண்டிகள் என்றைக்கோ அதைச் செய்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகளில் இந்தியா முழுக்கப் போய் வருகிற பையன்களும், பள்ளிபாளையம் விசைத்தறிகளுக்கும் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கும் வடக்கிலிருந்து வரும் பையன்களும் உலகம் பார்த்தவர்கள்தான். ஆனால் அந்தப் பயணத்தில் ஒருவர் முதலாளி, மற்றவர் கூலி. ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே மூட்டை கட்டிக்கொண்டு போனால் எத்தனை ஆயிரம் மைல் போயும் ஆகப்போவதில்லை.

பணம் பற்றிய மறுப்புக்குப் பதில் சுருக்கமானது. ஆங்கிலம் சரளமாக வருகிற, பாஸ்போர்ட் ஏற்கனவே வைத்திருக்கிற பிள்ளைகளையே அனுப்புவதானால் அந்தக் காசில் பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டுவது மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில், வாய்ப்புக் குறைந்த இளைஞர்களுக்கு ஆகும் கூடுதல் செலவுக்கென்றே தனி நிதி உண்டு. உடன் வரும் உதவியாளரின் செலவைக்கூட அதில் கேட்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் குழுவில் இடம்பெறுவது அங்கே யாருடைய பெருந்தன்மையையும் பொறுத்ததல்ல.

ஜூலை 26

போவதைவிட வருவதுதான் சிக்கல். குடும்பத்தோடு தங்க வைக்கும் திட்டங்களில் விருந்தாளிக்குத் தனிக் கட்டில், முடிந்தால் தனி அறை, மேற்கத்தியக் கழிப்பறை, வீட்டில் ஆங்கிலம் பேச ஒருவர் என்று எதிர்பார்ப்பார்கள். பல இடங்களில் பிள்ளையை அனுப்பும் குடும்பம் பதிலுக்கு ஒருவரைத் தங்க வைக்க வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலி அறை இல்லாத வீட்டுப் பிள்ளை போகவே முடியாது என்பதே இதன் பொருள். சாதியின் பெயரே எடுக்காமல் தலித் காலனி முழுவதையும் விலக்கிவிடுகிற விதி இது. வெள்ளைக்கார விருந்தாளியிடம் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அவரைப் பூஜையறை வரை அழைத்துப் போகிற வீடு, அவரோடு வந்த உள்ளூர்ப் பையனைத் திண்ணையில் உட்கார வைக்கும். வந்தவர் நம் விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதுவார், நாமும் மகிழ்ந்துபோவோம்.

இதற்குக் கனடாக்காரர்களிடம் ஒரு வழி இருந்தது. ஜாக் எபேர் 1971இல் நிறுவிய கனடா உலக இளைஞர் அமைப்பு, கனடா இளைஞர் ஒருவரையும் கூட்டு நாட்டு இளைஞர் ஒருவரையும் ஜோடியாக்கி, பாதிக் காலம் கனடாவிலும் பாதிக் காலம் அந்த நாட்டிலும் வாழ வைத்தது. நமக்கு ஜோடி போதாது, மூவர் வேண்டும்: ஊர்த் தெருவிலிருந்து ஒருவர், காலனியிலிருந்து ஒருவர், வெளிநாட்டவர் ஒருவர். மூவரும் அங்கே ஒரே அறை. இங்கே வரும்போது பாதி நாள் அந்த வீடு, பாதி நாள் இந்த வீடு, மூவரும் சேர்ந்தே. கழிப்பறை இல்லையென்றால் திட்டப் பணத்தில் கட்டித் தரட்டும். வீட்டுக்காரர் ஒப்ப மாட்டார் என்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு விமானச் சீட்டும் இல்லை. இது வற்புறுத்தல் என்பார்கள். ஆம். மற்றவர் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பதும் வற்புறுத்தல்தான், அதற்கு மட்டும் யாரிடமும் ஒப்புதல் கேட்டதில்லை.

ஜூலை 29

திரும்பி வந்த ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது கடைசி மறுப்பு. சிலருக்கு ஆகும். எல்லாருக்கும் ஆகாமலிருக்க வேண்டுமென்றால் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பேச்சுப் போட்டி வைத்தால் பேசத் தெரிந்தவர் வருவார். அவர் ஏற்கனவே தப்பித்துவிட்டவர். பட்டியல் சாதியினர் என்று பொதுவாக எழுதி வைத்தாலும் போதாது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு ஏன் தேவைப்பட்டது என்பது சேலம், நாமக்கல் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பங்கள் மிகுந்துவிட்டால் தனியார் பள்ளிகளில் குலுக்கல் போடுகிறார்கள். அரசுக் கல்லூரிகளிலும் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளிலும் விருப்பம் தெரிவித்தவர்களின் பெயர்களை அப்படியே பிரிவுவாரியாகக் குலுக்கலாம். தகுதி பார்க்க வேண்டாமா என்பார்கள். இன்னொருவரோடு ஓர் அறையில் மூன்று வாரம் தூங்கி எழ என்ன தகுதி வேண்டும் என்று தெரியவில்லை. ஆங்கிலம் வராதே என்றால், தேர்வு நடத்துகிற செலவை மிச்சப்படுத்தி, போகிற எல்லாருக்கும் மூன்று மாதம் மொழிப் பயிற்சி கொடுக்கலாம். வருகிறவருக்கும் அதே மூன்று மாதம் தமிழ்.